காரிடாரில் ஆறு படங்கள்

மார்ச் 3

அண்ணிக்கு,

உறையின் மேல் ஆஸ்பத்திரி முத்திரையும் டைப் அடித்த விலாசமும் இருந்ததால்தான் இதைப் பிரித்திருப்பீர்கள். என் கையெழுத்தில் வந்த இரண்டு கடிதங்கள் பிரிக்காமலே திரும்பி வந்தன. போனையும் எடுக்க மாட்டீர்கள். அதனால் இந்தக் குறுக்கு வழி. என்னை மன்னிக்க வேண்டாம், படித்தால் போதும்.

அண்ணா போய் இரண்டு வருடம் நான்கு மாதம் ஆகிறது. அதைப் பற்றி எழுத வரவில்லை. ஒரு வேலை விஷயம்.

எங்கள் பிசியோதெரபி பிரிவை இரண்டாம் மாடிக்கு மாற்றி, என்னைப் பொறுப்பாளராகப் போட்டிருக்கிறார்கள். வார்டிலிருந்து பயிற்சிக் கூடத்துக்குப் போக ஒரு காரிடார். நாற்பத்திரண்டு மீட்டர். பக்கவாதம் வந்தவர்கள், இடுப்பு எலும்பு உடைந்தவர்கள் எல்லோரும் நடக்கக் கற்றுக்கொள்வது அதில்தான். வெள்ளைச் சுவர். இருபது மீட்டரில் ஒரு நாற்காலி. எல்லோரும் அந்த நாற்காலியோடு சரி. 'இதுக்கு மேல எதுக்கும்மா போகணும், அங்க என்ன இருக்கு?' என்கிறார்கள்.

சூப்பரின்டென்டென்ட் பெரிய பெரிய சூரியோதயப் போஸ்டர்கள் ஒட்டலாம் என்கிறார், கீழே உற்சாக வாசகங்களோடு. வேண்டாம் என்று தோன்றுகிறது; ஏன் என்று சொல்லத் தெரியவில்லை. நீங்கள் அருங்காட்சியகத்தின் அச்சுப் பிரிவில் இருக்கிறீர்கள். பழைய ஓவியங்களை அதே அளவில், அதே நிறத்தில் அச்செடுப்பது உங்கள் வேலை. நல்ல பழைய படங்கள், சின்னதாக, எதை மாட்டலாம் என்று சொல்வீர்களா?

உங்கள் நாத்தனார்


மார்ச் 14

பிசியோதெரபி பிரிவின் பொறுப்பாளருக்கு,

பிரித்தேன். ஏமாற்றிப் பிரிக்க வைத்தாய் என்பதையும் குறித்துக்கொண்டேன்.

நீ கேட்டது வேலை. வேலையாகவே பதில் சொல்கிறேன். குடும்ப விஷயம் ஒரு வரி வந்தாலும் இந்தக் கடிதப் போக்குவரத்து நின்றுவிடும்.

போஸ்டர் வேண்டாம் என்று தோன்றியது சரி. காரணம் இது: பெரிய படம் ஆளைத் தள்ளி நிறுத்தும். கட்டிலில் இருந்தபடியே பார்த்து முடித்துவிடலாம். சின்னப் படம் கிட்டே வா என்று கூப்பிடும். கிட்டே போகாமல் அதில் ஒன்றும் தெரியாது.

எனக்குத் தெரிய வேண்டியவை: வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது? சுவர் பளபளப்பா, மங்கலா? கைப்பிடிக் கம்பி எந்த உயரத்தில்? நடப்பவர்களின் கண் தரையிலிருந்து எத்தனை செ.மீ.? நாங்கள் அருங்காட்சியகத்தில் படத்தின் நடுவை நூற்று ஐம்பதில் வைப்போம். உன் ஆட்கள் நிமிர்ந்து நடப்பவர்களா?


மார்ச் 19

அண்ணி,

கம்பி இரண்டு பக்கமும், தொண்ணூறு செ.மீ. உயரத்தில். வெளிச்சம் கோடியில் இருக்கும் ஒரே ஜன்னலிலிருந்து. சுவர் மங்கல் வெள்ளை.

கண் உயரம் கேட்டீர்கள். டேப்பை எடுத்துக்கொண்டு இரண்டு நாள் அளந்தேன். நிற்கும்போது நூற்று நாற்பது வரை வருகிறது. ஆனால் நடக்கும்போது யாருமே நேரே பார்ப்பதில்லை. எல்லோர் பார்வையும் தரையில், தங்கள் பாதத்துக்கு ஒரு முழம் முன்னால். 'தலையைத் தூக்குங்க, தலையைத் தூக்குங்க' என்று பதினாறு வருடமாகக் கத்துகிறேன். தொண்டைதான் கட்டுகிறது.

அவர்களையும் குறை சொல்ல முடியாது. இதை நான் வெளியாட்களிடம் சொல்வதில்லை, சிரிப்பார்கள். ஓர் எட்டு எடுத்து வைப்பது எத்தனை பெரிய விஷயம் தெரியுமா? முதலில் மொத்த எடையையும் ஒற்றைக் காலில் ஏற்ற வேண்டும். பிறகு முன்னால் சாய வேண்டும். அந்த நொடியில் மனிதன் உண்மையிலேயே விழுந்துகொண்டிருக்கிறான். மறு கால் ஓடி வந்து பிடித்துக்கொள்கிறது. நாமெல்லாம் நாள் முழுக்க இப்படி விழுந்து விழுந்துதான் கடைக்கும் ஆபீசுக்கும் போய் வருகிறோம், தெரியாமலே. தெரிந்துகொண்டு செய்பவர்கள் என் ஆட்கள் மட்டும்தான். ஒவ்வொரு முறையும் அந்தக் கால் வந்து சேரும்போது எனக்கு இன்னும் மயிர்க்கூச்செறிகிறது.

எங்களிடம் லிஃப்ட்காரர் என்று ஒருவர் இருக்கிறார். முப்பத்தொரு வருடம் ஒரு ஆபீஸ் கட்டடத்தில் லிஃப்ட் ஓட்டியவர். இடது பக்கம் வராது. 'ஊரையே மேல கீழ அனுப்பிட்டேன், நான் மட்டும் நின்ன இடத்துலயே நின்னேன். இப்ப நடன்னா எப்படி?' என்பார். நாற்காலியைத் தாண்ட மறுக்கும் கட்சிக்கு அவர்தான் தலைவர்.


ஏப்ரல் 2

நாத்தனாருக்கு,

உன் கடிதத்தை மேசையில் வைத்துவிட்டு, எழுந்து, எங்கள் கூடத்தில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்து பார்த்தேன். நீ சொன்னதை நினைத்துக்கொண்டே நடந்ததில் நடக்க வரவில்லை. என் உதவியாளர் 'உடம்பு சரியில்லையா மேடம்?' என்று கேட்டாள்.

தலையைத் தூக்கு என்று இனிமேல் கத்தாதே. படத்தைச் சொல்ல விடு.

ஆறு படம். எல்லாம் ஒரே உயரத்தில் வேண்டாம். முதலாவது கம்பிக்குக் கீழே, அவர்கள் பார்வை எங்கே விழுகிறதோ அங்கே, முழங்கால் உயரத்தில். அடுத்தது நூற்றுப் பத்தில். பிறகு ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டே போய்க் கடைசியை நூற்று ஐம்பத்தைந்தில் மாட்டு. யாரும் தலையைத் தூக்குகிறோம் என்று அறியாமலே தூக்குவார்கள். இது சரியாக வருமா என்று எனக்குத் தெரியாது. நான் இதுவரை நிமிர்ந்து நிற்பவர்களுக்கு மட்டுமே படம் மாட்டியிருக்கிறேன்.

முதல் படம் புல். ஆம், வெறும் புல்தான். ஐந்நூறு வருடத்துக்கு முன் ஒருவர் மண்ணோடு ஒரு பிடி புல்லைப் பெயர்த்து வந்து வைத்துப் பார்த்து வரைந்ததுபோல இருக்கும். அழகான பூ ஒன்றும் கிடையாது. ஒரு பூச்சி நின்று பார்த்தால் எப்படித் தெரியுமோ அந்த உயரத்திலிருந்து ஒவ்வொரு புல்லிதழும், அடியில் வேரும் ஈரமும். அச்செடுக்க முதன்முறை திரையில் பெரிதாக்கினபோது நான் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டேன். காலடியில் மிதிபடுகிற ஒன்றை ஒரு மனிதன் இவ்வளவு மரியாதையாகப் பார்த்திருக்கிறான்.

இரண்டாவது, ஒரு டம்ளர் தண்ணீர். கண்ணாடி டம்ளர், பக்கத்தில் ஒரு கரிய கெட்டில், கொஞ்சம் பூண்டு. அவ்வளவுதான் படம். ஆனால் அந்தத் தண்ணீர்! இருநூற்றைம்பது வருடத்துக்கு மேலாக ஒரு சொட்டுக் குறையாமல் நிற்கிறது. கிட்டே போனால் வெள்ளையும் சாம்பலுமாகச் சில தீற்றல். ஓர் அடி பின்னால் வந்தால் குடிக்கலாம் போலிருக்கும். எந்த இடத்தில் சாயம் தண்ணீராக மாறுகிறது என்று இருபது வருடமாகத் தேடுகிறேன், பிடிபடவில்லை.

இந்த இரண்டையும் முதலில் அனுப்புகிறேன். மாட்டிவிட்டு எழுது.


ஏப்ரல் 20

அண்ணி,

மாட்டினோம். புல்லைக் கம்பிக்குக் கீழே மாட்டும்போது ஆசாரி என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். 'மேடம், இது நாய்க்குட்டிங்க பார்க்கவா?' என்றார்.

முதல் நாள் லிஃப்ட்காரர் தரையைப் பார்த்துக்கொண்டே வந்தார். ஆறாவது மீட்டரில் நின்றார். குனிந்தபடியே இருந்தார். மயக்கமோ என்று பிடிக்கப் போனேன்.

'கையை எடும்மா. இது என்னது, புல்லா?'

'ஆமாங்க.'

'வரைஞ்சதா?'

'ஆமாங்க.'

'எவனுக்கு இவ்ளோ பொறுமை!' என்றார். பிறகு கொஞ்ச நேரம் கழித்து, 'முப்பத்தொரு வருஷம் லிஃப்ட்டுக்குள்ள இருந்தேன். புல்லுன்னு ஒண்ணு இருக்கறதே மறந்துபோச்சு' என்றார். அப்புறம் 'அடுத்தது எங்க?' என்று கேட்டாரே பார்க்கலாம். அடுத்தது பதினான்காவது மீட்டரில். போனார்.

அங்கேதான் சொதப்பல். டம்ளர் படத்தின் மேல் கண்ணாடி போட்டிருந்தீர்கள். ஜன்னல் வெளிச்சம் அதில் நேராக அடிக்கிறது. அவர் உற்றுப் பார்த்துவிட்டு, 'என்னம்மா, உள்ள ஒரு கிழவன்தான் இருக்கான். டம்ளரக் காணோம்' என்றார். வார்டே சிரித்தது. அவரும் சிரித்தார், ஆனால் தன் கோணிய வாயைப் பார்த்துவிட்டார் என்று எனக்குத் தெரிந்தது. கண்ணாடியை அன்றே கழற்றிவிட்டேன். பளபளக்காத தாள் ஏதாவது உண்டா?

மறுநாள் மறுபடி கூட்டிப் போனேன். இந்த முறை தண்ணீர் தெரிந்தது. ரொம்ப நேரம் நின்றார். இன்னொரு நோயாளி, இடுப்பு உடைந்த அம்மா, பின்னால் வரிசையில் காத்துக்கொண்டு, 'நகருங்கய்யா, நாங்களும் பார்க்க வேணாமா?' என்று சத்தம் போட்டார். எங்கள் காரிடாரில் நடக்க வரிசை! பதினாறு வருடத்தில் நான் பார்க்காத காட்சி, அண்ணி.


ஏப்ரல் 27

நாத்தனாருக்கு,

கண்ணாடி என் தப்பு. வெளிச்சம் எதிரே என்று நீ எழுதியிருந்தும் யோசிக்கவில்லை. பளபளக்காத மேல்தாள் அனுப்புகிறேன். அந்தப் பெரியவரிடம் என் மன்னிப்பைச் சொல்.

மூன்றாவதும் நான்காவதும் இதோடு வருகின்றன. மூன்றாவதில் ஒரு பெண் குனிந்து நூல் பின்னிக்கொண்டிருக்கிறாள். படம் ஒரு நோட்டுப் புத்தக அளவுதான். சிவப்பு நூலும் வெள்ளை நூலும் மெத்தையிலிருந்து வழிகிற இடத்தைப் பார், நூல் மாதிரியே இருக்காது, ஏதோ கசிந்து ஒழுகுகிற மாதிரி இருக்கும். ஆனால் அவள் விரலுக்கு நடுவே இழுத்துப் பிடித்த இரண்டு இழை மட்டும் அத்தனை துல்லியம். அவளுக்கு எது முக்கியமோ அது மட்டும் தெளிவு. நான்காவது ஆறு பழங்கள். வெறும் மை. வரிசையில் ஒன்று மட்டும் கொஞ்சம் கீழே இறங்கி நிற்கும். ஒரு பிக்கு வரைந்தது, எழுநூறு வருடத்துக்கு மேல் இருக்கும். பின்னணியில் ஒன்றுமே இல்லை. அந்த ஒன்றுமில்லாததை எப்படி வரைந்தாரோ.

இப்போது ஒரு கேள்வி. குடும்ப விஷயம் எழுதாதே என்று நான்தான் சொன்னேன். நானே மீறுகிறேன்.

அதே ஆஸ்பத்திரி. நீ உன் அண்ணனை நடக்க வைத்த காரிடாரும் இதுதானே? மாடி மாறியது என்று எழுதினாய். எனக்குத் தெரியும், மாறியது உன் பிரிவுதான்; அவர் படுத்திருந்த வார்டும் அந்தக் காரிடாரும் அப்போதே இரண்டாம் மாடியில்தான். அவரை விட்டுவிட்டு நான் வெளிநாட்டுக் கண்காட்சிக்குப் போயிருக்கவே மாட்டேன். 'நாலு நாள்தானே அண்ணி, நான் பார்த்துக்கறேன்' என்று அனுப்பி வைத்தது நீ. போனில் 'நல்லா நடக்கறார், அவசரமில்லை' என்றதும் நீ. மறுநாள் காலையில் அவர் இல்லை. நான் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அந்தக் காரிடார் வாசலில், எல்லார் எதிரிலும் 'நடக்க வெச்சே கொன்னுட்டே' என்று கத்தினேன். நீ ஒரு வார்த்தை பதில் சொல்லவில்லை. அந்த மௌனம்தான் என்னை இத்தனை நாள் எரித்தது.

உலகத்தில் எத்தனையோ பேர் படம் விற்கிறார்கள். அந்தச் சுவருக்கு என்னை ஏன் கேட்டாய்?


மே 4

அண்ணி,

அண்ணாவின் சாவு நடந்ததால் வந்தது இல்லை என்று டாக்டர்கள் எழுதியே கொடுத்தார்கள். அந்தக் காகிதம் என்னிடம் இருக்கிறது. உங்களிடம் காட்ட மனம் வரவில்லை. காகிதத்தைக் காட்டி ஜெயிக்கிற சண்டையா இது? அதோடு, காகிதம் என்ன சொன்னாலும், எனக்கே உள்ளூர ஒரு சந்தேகம் இருந்தது. அதனால்தான் பேசவில்லை. போதுமா?

ஆமாம், அதே காரிடார். 'என்னை ஏன் கேட்டாய்' என்று கேட்டீர்களே, கேட்கச் சொன்னது அண்ணா.

அவர் போவதற்கு முதல் நாள், மாலை நான்கு மணி. அதற்கு முன்னால் அவர் பதினைந்து மீட்டரைத் தாண்டியதே இல்லை. அன்று என்னவோ போய்க்கொண்டே இருந்தார். வலது கால் இழுத்தது. பேச்சும் குழறியது, உங்களுக்குத் தெரியும். நான் எழுதுவது போலத் தெளிவாக வரவில்லை. ஆனால் சொன்னது இதுதான்.

'இவ்ளோ நீளச் சுவரு. வெறுஞ் சுவரா?'

'ஆஸ்பத்திரிண்ணா இது.'

'உங்க அண்ணி பார்த்தா வயித்தெரிச்சல் படுவா' என்று சிரித்தார். பாதி முகம்தான் சிரித்தது.

முப்பத்தொன்றாவது மீட்டரில் நின்றார். சுவரில் உள்ளங்கையை வைத்தார். 'இங்க ஒண்ணு வேணும்' என்றார். 'மனுஷன் நின்னு மூச்சு வாங்க ஒரு சாக்கு வேணாமா?'

'என்ன படம்ணா?'

'எனக்கென்ன தெரியும்? அவ வருவா. அவளக் கேளு.'

பிறகு ஜன்னல்வரை போனார். கீழே டெப்போவில் பஸ் கழுவிக்கொண்டிருந்தார்கள். குழாய்த் தண்ணீர் வெயிலில் பீறிட்டதைப் பார்த்துக்கொண்டே நின்றார், கம்பியைப் பிடிக்காமல். 'பார்த்தியா' என்றார். திரும்பச் சக்கர நாற்காலியில்தான் கூட்டி வந்தேன். அன்று இரவு நன்றாகச் சாப்பிட்டார். உங்களுக்கு நான் போனில் சொன்னது பொய் இல்லை, அண்ணி. நன்றாகத்தான் நடந்தார். நான் பார்த்ததிலேயே அழகான நடை அது.

இதைச் சொல்லத்தான் முதல் இரண்டு கடிதமும் எழுதினேன். பிரிக்காமலே திரும்பி வந்தன.


ஜூன் 11

அண்ணி,

ஐந்து வாரமாக உங்கள் கடிதம் இல்லை. பார்சல் மட்டும் போன வாரம் வந்தது. உள்ளே இரண்டு படம், பளபளக்காத தாள் போட்டு. ஒன்றின் பின்னால் உங்கள் கையெழுத்தில் '31 மீட்டர்' என்று மட்டும். அதைப் பிடித்துக்கொண்டு ஸ்டோர் ரூமில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டேன்.

ஆசாரி இப்போது எங்கள் கட்சி. ஒவ்வொன்றையும் ரசமட்டம் வைத்துப் பார்த்து, எட்டி நின்று பார்த்து, திரும்ப வந்து ஒரு மயிரிழை நகர்த்துகிறார்.

அந்த 31 மீட்டர் படத்தில் மரம் முழுக்க அணில்கள்! நானூறு வருடத்துக்கு முந்தைய படம் என்று பின்னால் சீட்டில் போட்டிருக்கிறது. பொன்னிற இலைகளுக்குள் ஒவ்வொன்றாகக் கண்ணில் படுகின்றன. கீழே ஒருவன் மரமேறப் பார்க்கிறான், காலே வைக்க வரவில்லை. இடுப்பு உடைந்த அம்மா அவனைப் பார்த்து, 'இவனும் நம்ம வார்டுதான்' என்றார். எத்தனை அணில் என்று தினமும் பந்தயம் நடக்கிறது. ஒருவர் சொன்ன எண்ணிக்கை இன்னொருவருக்கு வருவதில்லை. சரிபார்க்க எல்லோரும் முப்பத்தொரு மீட்டர் நடந்தாக வேண்டும்.

கடைசியில் வெறும் மேகம். ஜன்னலுக்குப் பக்கத்திலேயே மேகப் படமா என்று முதலில் நினைத்தேன். இப்போது எல்லோரும் படத்தைப் பார்த்துவிட்டு ஜன்னலைப் பார்க்கிறார்கள், ஜன்னலைப் பார்த்துவிட்டுப் படத்தை. தலை எவ்வளவு நிமிர்ந்திருக்கிறது தெரியுமா? நான் கத்தி ஒரு மாதம் ஆகிறது.

பதினெட்டாம் தேதி முதல் இரண்டு வாரம் எனக்குப் பயிற்சி வகுப்பு, வெளியூரில். விடுதி விலாசம் கீழே. உங்களுக்கு எழுத மனமிருந்தால்.


ஜூன் 24

அம்மாடி,

நீ திரும்பி வந்து கதவைத் திறக்கும்போது உள்ளே என்னைப் பார்த்துப் பயந்து அலறக் கூடாது என்பதற்காக இந்தக் கடிதம். உன் வீட்டில்தான் இருக்கிறேன். பக்கத்து வீட்டு அம்மா சாவி கொடுப்பதற்கு முன் என்னை வக்கீல் மாதிரிக் குறுக்கு விசாரணை செய்தார்கள். நீ இல்லாத சமயம் பார்த்துத்தான் வந்தேன். உன் முன்னால் அந்தக் காரிடாரில் நிற்க எனக்குத் தைரியம் இல்லை.

இன்று காலை பத்து மணிக்குப் போனேன். யாரென்று சொல்லவில்லை. பார்வையாளர் என்று சீட்டு வாங்கிக்கொண்டேன். காரிடார் வாசலில் கால் நின்றுவிட்டது. இரண்டு வருடத்துக்கு முன் நான் கத்திய இடம் அது. அங்கிருந்து பார்த்தால் சுவரில் சின்னச் சின்னதாக ஆறு நிழல்கள், படிப்படியாக மேலேறிக்கொண்டு. நான் காகிதத்தில் கோடு போட்டுத் தந்ததுதான்.

பக்கத்தில் ஒருவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். இடது கை மடங்கி மார்போடு. 'புதுசா? யாரப் பார்க்க வந்தீங்க?' என்றார்.

'சும்மா, படம் பார்க்க' என்றேன்.

'அப்ப என்கூட வாங்க. தனியாப் போனா பாதி விட்டுடுவீங்க' என்றார். உன் லிஃப்ட்காரர்.

அவர் எனக்கு என் படங்களைக் காட்டினார். புல்லின் முன் நின்று, 'இதை நின்னுக்கிட்டுப் பார்க்கக் கூடாதும்மா, எறும்பா நெனச்சுக்கிட்டுப் பாருங்க' என்றார். தண்ணீரின் முன், 'கிட்ட போங்க... இப்ப பின்னால வாங்க. எங்க மாறுச்சு சொல்லுங்க பார்ப்போம்' என்றார். தெரியவில்லை என்றேன். 'எனக்கும் தெரியல. தெனம் தேடறேன்' என்றார். அருங்காட்சியகத்தில் பெரிய பெரிய ஆட்களோடு நின்று அந்தப் படத்தைப் பார்த்திருக்கிறேன். ஒருவர்கூட இதைச் சொன்னதில்லை. நூல் பின்னுகிற பெண்ணிடம் குரலைத் தாழ்த்தினார், அவள் வேலை கெட்டுவிடும் என்பது போல. ஆறு பழங்களிடம் பேசவே இல்லை.

ஒவ்வோர் எட்டையும் நான் பார்த்துக்கொண்டே போனேன். நீ எழுதியிருந்தாயே, விழுந்து விழுந்து பிடித்துக்கொள்வது என்று. எழுத்தில் படித்தது வேறு. பக்கத்தில் ஒரு மனிதர் அதைச் செய்வதைப் பார்ப்பது வேறு. அந்தக் கால் காற்றில் நிற்கும் நேரத்தில் நானும் நின்றுவிட்டேன். வந்து ஊன்றியதும் கை தட்ட வேண்டும் போல இருந்தது. இருபத்திரண்டு வருடம் உன் அண்ணன் பக்கத்தில் நடந்திருக்கிறேன். ஒரு நாளும் அவர் காலைப் பார்த்ததில்லை.

அணில் மரத்தின் முன் நின்றோம். நான் சுவரைப் பார்த்தேன், படத்துக்குப் பக்கத்தில் காலியாக இருந்த இடத்தை. கையை வைத்தேன். சில்லென்று இருந்தது. எவ்வளவு நேரம் வைத்திருந்தேனோ.

'அங்க இல்லம்மா, இங்க பாருங்க. எட்டாவது இங்க ஒளிஞ்சிருக்கு!' என்று லிஃப்ட்காரர் கையை நீட்டிக் காட்டினார். வலது கையை. கம்பியைப் பிடித்திருந்த அதே கையை.

அவர் எதையும் பிடிக்காமல் நின்றார், அம்மாடி. முகத்தைத் தூக்கி, விரலை நீட்டி, அணில் அணிலாகக் காட்டிக்கொண்டு. தான் நிற்பது அவருக்கே தெரியவில்லை. பிடிக்கலாமா என்று என் கை தானாகப் போனது. தூரத்தில் உன் பிரிவுப் பெண் ஒருத்தி வேண்டாம் என்று தலையசைத்தாள். அவள் கண் நிறைந்திருந்தது. நான் கையை இழுத்துக்கொண்டேன். மூன்று நிமிடம் நின்றார். பிறகு வெகு சாதாரணமாகக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, 'வாங்க, மேகம் இருக்கு' என்று நடந்தார்.

ஜன்னலுக்கு வந்து சேர்ந்ததும் அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதேன். 'நடந்த களைப்பு, எல்லாருக்கும் வரும்' என்று அவர் சமாதானம் சொன்னார்.

உன் அண்ணன் கடைசியாக நடந்தது உன் தோளைப் பிடித்து. அது நல்லதாகப் போயிற்று. நான் அன்று கத்தியது பொய். கத்தும்போதே எனக்குத் தெரியும். நான் பக்கத்தில் இல்லை என்பதைத் தாங்க முடியாமல் பக்கத்தில் இருந்தவளைக் கடித்துக் குதறினேன். இதை நேரில் சொல்ல வேண்டும். எழுதியும் வைக்கிறேன், நேரில் சொல்லாமல் விட்டுவிட்டால் நீ இதை எடுத்துப் படித்துக்கொள்.

அந்த அணில் மரம் எப்போது அச்சானது தெரியுமா? அவர் போன மாதத்தில். நல்ல அச்சு. யாருக்கும் கொடுக்க மனம் வராமல் என் மேசை இழுப்பறையில் கிடந்தது.

ஆபீசில் லீவு கேட்டபோது எத்தனை நாள் என்றார்கள். தெரியாது என்றேன். உன் கட்டிலில்தான் படுத்துக்கொள்கிறேன், சோபாவில் முதுகு வலிக்கிறது. நீ வந்த பிறகும் இறங்குவதாக இல்லை. கொஞ்சம் தள்ளிப் படுத்தால் இரண்டு பேருக்கும் இடம் இருக்கிறது, அளந்து பார்த்துவிட்டேன்.

அண்ணி